ராவ் ஹோட்டல் உத்தரத்தில் எட்டுக் கொக்கிகள்

வரலாறு டீச்சராக இருப்பதைப் போல அலுப்பான பிழைப்பு வேறு இல்லை. கணக்கு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, "இந்தக் கூட்டலைக் கொஞ்சம் போட்டுக் கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் காரை பெயர்ந்த சுவர் வைத்திருந்த அத்தனை பேரும் என்னிடம்தான் வருவார்கள். "டீச்சர், இது எந்தக் காலத்துது?" தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில் வந்ததே இல்லை. (வாய் அப்படி!) அதனால் ஒரு நல்ல மனிதர் கடையை இழந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் தெரு முனையில் ஸ்ரீபதி ராவ் ஹோட்டல் வைத்திருந்தார். சுத்த சைவம். சாதாரண சைவம் இல்லை, வெங்காயம் பூண்டுகூட வாசலோடு நின்றுவிடும். காலையில் சாமி படத்துக்கு ஆரத்தி காட்டிய பிறகுதான் அடுப்பு எரியும். அந்த ஆசாரத்துக்காகவே வேறு பேட்டைகளிலிருந்தும் பெரியவர்கள் பஸ் பிடித்து வந்து சாப்பிட்டுப் போவார்கள். கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. ஓட்டுக் கூரை, முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர், குறுக்கே பெரிய தேக்கு உத்தரம். ராவின் அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருந்தார்கள்.

ஒருநாள் சாயந்திரம் ராவ் மைசூர் பாகு பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், ஓனர் கட்டடத்தை இடிக்கப் போறேன்னு நிக்கறார். காம்ப்ளெக்ஸ் கட்டறாராம். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இனிமே எங்க போயி தோசைக்கல்லு போடறது, சொல்லுங்க."

பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஒரு சங்கம் இருக்கிறதாம். அவர்கள் வந்து பார்த்து, இதற்கு வரலாற்று முக்கியத்துவம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஓனர் இடிக்க அனுமதி வாங்குவது கஷ்டம். ஆனால் என்ன முக்கியத்துவம் என்று ராவுக்குத் தெரியாது. அப்பா சொல்லாமலே போய்விட்டார்.

"சொல்ப ஹிஸ்டரி எழுதிக் கொடுங்க டீச்சர். ஒரு ரெண்டு பக்கம். நல்லதா."

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைத் தாண்டி யாரும் என்னை எதுவும் எழுதச் சொன்னதில்லை. "கவலையே படாதீங்க ராவ் சார், நான் இருக்கேன்" என்றேன். இன்றைக்கு அதை நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்று வாரம் பைத்தியம் பிடித்தது போல அலைந்தேன். வரைபடம் பார்த்தேன், தூசி தின்றேன், தும்மினேன். கடைசியில் எங்கள் சர்ச்சின் பழைய அலமாரியிலேயே புதையல் கிடைத்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எழுதி வைத்த குறிப்பேடு. தெரு முனைக் கட்டடத்திலிருந்து ஈக்கள் கிளம்பி வந்து சாயங்கால ஜெபத்தைக் கெடுக்கின்றன என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தார். ஈக்கள் ஏன் வந்தன என்றும் எழுதியிருந்தார். அந்தக் கட்டடம் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு இறைச்சி வெட்டிக் கொடுக்கிற கடை. முழு மாடுகளை உத்தரத்தில் எட்டுக் கொக்கிகளில் தொங்கவிடுவார்களாம்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோட்டலுக்கு ஓடினேன். அண்ணாந்து பார்த்தேன். எட்டு! ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றில் வாழைத்தார், ஒன்றில் விளக்கு, நடுவில் இருந்த இரண்டில் சங்கிலி கட்டி சாமி படத்தின் மேல் சின்ன மணி. நான் அங்கேயே கை தட்டிவிட்டேன். ராவ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "கிடைச்சுதா டீச்சர்?" என்றார். "கிடைச்சுது சார், பிரமாதமா கிடைச்சுது! சங்கத்துக்காரங்க வர்ற சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன்" என்றேன். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு இது உறைக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். என் கணவர் ஜோசப்பும் அதைத்தான் பிற்பாடு கேட்டார். ஆனால் கட்டுரையை முதலில் படித்துப் பார்த்தவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு கையில் காகிதம், ஒரு கையில் நல்லி எலும்பு. "ஃபர்ஸ்ட் கிளாஸ்டி, அந்தக் கொக்கி மேட்டர் சூப்பர்" என்றார். எங்கள் வீட்டில் கறிக்கடை என்பது பால் பூத் மாதிரி ஒரு கடை, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை ராவ் கல்யாண வீடு மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். மாவிலைத் தோரணம், மைக், எல்லா மேஜையிலும் வழக்கமான பெரியவர்கள். சங்கத்திலிருந்து கைத்தறிப் புடவையில் ஒரு அம்மாளும், காமிராவோடு இரண்டு பேரும் வந்தார்கள். அவர்களுக்காக நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். அந்த அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ராவ் பாவம், மைசூர் பாகு எல்லா மேஜைக்கும் போகிறதா என்று பார்ப்பதிலேயே இருந்தார். நான் முடித்ததும் எல்லோரையும்விட பலமாகக் கை தட்டியது அவர்தான்.

அதோடு விட்டிருக்கலாம். "டீச்சர், நம்ம பெரியவங்களுக்குப் புரியணுமில்ல? தமிழ்ல ஒருதடவை சொல்லுங்க" என்றார் ராவ்.

சொன்னேன். வகுப்பில் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எங்கே வெட்டினார்கள், ரத்தம் எந்தச் சாக்கடை வழியாகப் போயிற்று (இப்போது கை கழுவும் இடம்), எந்தக் கொக்கியில் எது தொங்கியது, எல்லாம். மைக் நன்றாக வேலை செய்தது.

மில்லில் இருந்து ரிட்டையரான கிருஷ்ணமூர்த்தி சார் வாயில் இட்லியோடு மெதுவாக அண்ணாந்தார். நேர் மேலே வாழைத்தார் கொக்கி. இலையில் கையிலிருந்த மிச்சத்தை வைத்தார், எழுந்தார், கை கழுவும் இடம் வரை போனார், நின்றார், கழுவாமலே திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"பேடா, வேண்டாம் டீச்சர், நிறுத்துங்க" என்றார் ராவ். நான் அப்போதுதான் நிறுத்தினேன்.

காலியான ஹாலில் கைத்தறி அம்மாள் மட்டும் பூரித்துப் போய் நின்றார். "இந்த மாதிரி இடம் பெங்களூர்லயே இல்லை! மிஸ்டர் ராவ், இந்தக் கொக்கிகள்ல கையே வைக்கக்கூடாது."

சாயந்திரமே வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து அறுத்துவிட ராவ் துடித்தார். முடியவில்லை. கொக்கியை எடுத்தால் முக்கியத்துவம் போய்விடும், முக்கியத்துவம் போனால் ஓனர் இடித்துவிடுவார். புரோகிதரை வைத்து ஹோமம் செய்தார். கொக்கிகளைத் துணி சுற்றி மறைத்தார். அது இன்னும் மோசமாகக் கண்ணில் பட்டது. ஆரத்தி தினமும் நடந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. இரண்டாவது மாதம் மன்னிப்புக் கேட்கப் போய் ராவ் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன்.

"உங்க ஹிஸ்டரி தப்பில்லை டீச்சர்" என்றார் அவர், அடுக்கி வைத்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே. "ஆனா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு மகாராஜா வந்து ஒரு காபி குடிச்சார்னு. யாருக்கு என்ன போச்சு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

கட்டடம் காப்பாற்றப்பட்டது. என் கட்டுரைதான் காப்பாற்றியது என்று அந்தச் சங்கம் கடிதம் எழுதியது. ராவ் காலி செய்த ஆறாவது வாரம் அங்கே கபாப் கடை வந்தது. என் கட்டுரையைச் சட்டம் போட்டு, என் பெயரோடு கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். வியாபாரம் அமோகம். போகிறவர்கள் எல்லாம் கொக்கிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன்.

ராவ் நான்கு வருஷம் கழித்து, கடன் உடன் வாங்கி பொம்மனஹள்ளியில் மறுபடி கடை போட்டார். ஜோசப் என்னை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் பெரிய போர்டு: 'இது புதுக் கட்டடம். இதற்கு முன் இங்கே எதுவும் இருந்ததில்லை.' அதைப் படித்துவிட்டு நான் திரும்பிப் போய்விடப் பார்த்தேன். அதற்குள் ராவ் பார்த்துவிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. அவரே காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"குடிங்க டீச்சர். பால் எங்கேருந்து வருதுன்னு மட்டும் தேடிக் கண்டுபிடிச்சுடாதீங்க."

ஜோசப்புக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்குக் காபி கொடுக்கும்போது ஜோசப் இதையே சொல்கிறார், இப்போது எங்கள் மகளும் சேர்ந்து சொல்கிறாள். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிவிடுகிறேன்.