விதைக்கலன் மூடி திறந்த கதை

நிறைநாட்டின் நடுவே ஓர் இரும்புக் கலன் இருந்தது. நாட்டின் அத்தனை வயல்களுக்குமான விதைநெல்லும் அதற்குள்தான். பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். காற்றில்லாத இடத்தில் வண்டு பிழைக்காது. விதைப்புத் திருநாளில் பத்து பேர் மூடியைப் பிடித்து இழுப்பார்கள். வெளிக்காற்று அழுத்திப் பிடித்திருப்பதால் அது இம்மியும் அசையாது. ஊரே குலவையிடும். பிறகுதான் வால்வைத் திறந்து காற்றை விட்டு நெல்லை அள்ளுவார்கள்.

கலனின் அழுத்தமானியைப் பார்ப்பவள் அஞ்சுகம். உள்ளே எவ்வளவு காற்றழுத்தம் மிச்சம் என்று தினமும் காலையில் கலனருகிலுள்ள கோபுரமேறி ஊருக்குச் சொல்வாள். பல வருடங்களாக "ஒரு டார்" என்றே சொல்லி வந்தாள். எண் சின்னதாக இருக்கும்வரை தன் அரைக்காணி நிலத்துக்கும் விதை உண்டு என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

தேர்தலில் புதிதாக வென்ற மன்னர் மகிழ்மாறனுக்கு அந்த எண் பிடிக்கவில்லை.

"நம் ஆட்சியிலும் ஒன்றுதானா?"

அமைச்சர் சீராளர் தொண்டையைச் செருமினார். "மன்னா, ஒரு டார் என்பது நூற்று முப்பத்து மூன்று பாஸ்கல். அலகை மாற்றினால் ஆயிற்று."

மறுநாள் அஞ்சுகம் "நூற்று முப்பத்து மூன்று" என்று கூவியதும் சனங்கள் துள்ளிக் குதித்தார்கள். பட்டாசும் மேளமுமாக நாடே அமளிப்பட்டது.

சில மாதங்களில் மூடியின் ரப்பர் வாஷர் விரிசல் விட்டது. எண் ஐந்நூறானது, ஆயிரமானது. அஞ்சுகம் அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, காத்து உள்ள போவுதுங்க. வாஷர மாத்துனா போதும். இல்லேன்னா வெதைய வண்டு தின்னுரும்."

"எண் ஏறுகிறதா, இறங்குகிறதா?"

"ஏறுதுங்க."

"அதற்குப் பெயர் வளர்ச்சி. வளர்ச்சியை அடைக்க வாஷர் கேட்பது ராஜத்துரோகம். போய் உரக்கச் சொல்."

அடுத்து, பம்பை நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. நியாயம்தானே, பம்பு ஓடினால் எண் இறங்கிவிடுகிறதே.

மறுதேர்தல் நெருங்கும்போது எண் ஒரு லட்சத்து ஆயிரத்து முந்நூற்று இருபத்தைந்தைத் தொட்டு அப்படியே நின்றது. கலனுக்குள்ளும் வெளியிலும் இப்போது ஒரே காற்று. தெருவெல்லாம் தோரணம். அஞ்சுகத்தால் பொறுக்க முடியவில்லை. கோபுரமேறிப் பழைய கணக்கில் கத்தினாள்.

"எழுநூத்தி அறுபது டார். அப்ப ஒண்ணு, இப்ப எழுநூத்தி அறுபது. நம்ம வெதை போச்சு சனங்களே."

கூட்டத்தின் காதில் எழுநூறு மட்டுமே விழுந்தது.

"நேத்து லட்சம் இருந்துச்சே, மிச்சத்த எங்கடி வச்ச?"

அவளை இழுத்து வந்து கோபுரத்தூணில் கட்டிப்போட்டார்கள். சீராளர் மேடையேறினார். "மன்னரை மீண்டும் தேர்ந்தெடுங்கள். டாரை ஆயிரமாகப் பிரித்த மைக்ரான் அலகில் ஏழு லட்சத்து அறுபதாயிரம் தருகிறோம்."

வாக்குகள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

விதைப்புத் திருநாள் வந்தது. பத்து பேரும் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டு மூடியை இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் மூடியோடு மல்லாக்க விழுந்தார்கள். உள்ளிருந்து உமித்தூளும் வண்டுகளும் குபுகுபுவென்று கிளம்பின. தூணோடு கட்டுண்டு கிடந்த அஞ்சுகம் வாய்விட்டு அழுதாள்.

சீராளர் தலைப்பாகையிலிருந்த வண்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"குடிமக்களே, இத்தனை காலம் பத்து பேராலும் திறக்க முடியாத மூடி இது. நம் மன்னரின் ஆட்சியில் திறந்துவிட்டது."

சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நெல் வாங்கக் கொண்டுவந்த கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.