தாடிக்காரர் 27, கண்ணாடிக்காரர் 9

"ஏனுங்கண்ணா, தாடிக்காரருக்குக் கீழ இருவத்தேழு, கண்ணாடிக்காரருக்குக் கீழ ஒம்போதுன்னு போட்டிருக்குதே, அது என்னங்க?" என்று டி-ஷர்ட் சாம்பிளை நீட்டினாள் செக்கிங் ஜெயபாரதி.

அருள்செல்வன் வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் பிரிண்டிங் சூப்பர்வைசர். அவனுக்குத் தெரியாத உலக அரசியல் கிடையாது. எல்லாம் டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்து வந்த ஞானம். சட்டையின் முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு நாட்டுத் தலைவர், பின்பக்கம் தாடி வைத்த பக்கத்து நாட்டுத் தலைவர். கீழே இருந்த பாஷை கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. படிக்க முடிந்தது எண் மட்டும்தான்.

"ஜெயில்ல இருந்த வருசம் கண்ணு. தலைவருன்னா வேற என்னத்தப் போடுவாங்க?"

கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி சென்னிமலை. 2006 தேர்தலில் தன் தலைவரை வானளாவப் புகழ்ந்து தெருத்தெருவாகப் பேனர் கட்டிய மனிதர்.

"ஏப்பா, சட்டை வாங்குற பையர் கண்ணாடிக்காரர் நாடாச்சே! அவுங்க தலைவருக்கு வெறும் ஒம்போதா? மனசு நோகாதா? இந்த ஆர்டர் போச்சுன்னா நீ மறுபடியும் துணி மடிக்கத்தான் போகோணும்."

ஆறு வருடம் துணி மடித்துப் பிடித்த வேலை.  அருள்செல்வன் உடனே ஒன்பதை இருபத்தொன்பதாக்கினான்.

ஆயிரம் சட்டை அடித்த பிறகு பிரிண்டர் பாண்டித்துரை தலையைச் சொறிந்தான். மதுரைப் பக்கத்துக்காரன். "தாடிக்காரரு ஆளுக சும்மா இருப்பாகளாண்ணே?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தாடிக்காரர் முப்பத்தேழானார். சென்னிமலை முறைத்தார். கண்ணாடிக்காரர் நாற்பத்தொன்பதானார். அதற்கு முன் அடித்ததெல்லாம் வேஸ்ட் மூட்டைக்குப் போனது.

"அண்ணா, இந்தக் கண்ணாடிக்காரருக்கு வயசே நாப்பதுதான் இருக்கும்போல இருக்குதுங்க!" என்றாள் ஜெயபாரதி.

"போன ஜென்மத்தையும் சேத்துக்க கண்ணு. பேசாம செக் பண்ணு."

சாயங்காலம் பையரின் ஏஜென்ட் மாதவன் வந்தார். லாரி வாசலில் நின்றது, துணி தீர்ந்திருந்தது. அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தியாகத்துல ஒரு கொறையும் வெக்கலீங்க," என்று நெஞ்சை நிமிர்த்தினான் அருள்செல்வன்.

மாதவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், அந்த நம்பரு ஊழல் கேசுய்யா! பக்கத்து நாட்டுக்காரருக்கு இருவத்தேழு, எங்க தலைவருக்கு வெறும் ஒம்போதுதான்னு பெருமையாச் சொல்லி ஓட்டுக் கேக்கத்தான் அவங்க கட்சியே இந்தச் சட்டைய அடிக்கச் சொல்லுச்சு!"