எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம்

தொழில் நாக்கில் ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுக்க முடியாது. எங்கள் தெரு கண்டக்டர் ஒருவர், அம்மன் சன்னிதி வரிசையில் நின்றுகொண்டே "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். நான் சிரிப்பேன். (சிரித்திருக்கக் கூடாது.)

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஓசூரில் எய்ட்ஸ் சிகிச்சை ஆராய்ச்சி ஒன்றில் கடைநிலை ஆராய்ச்சியாளன் நான். மருந்து ஆய்வில் சேர வருகிறவர்களிடம் சம்மதம் வாங்குவது என் வேலை. லாரி டிரைவருக்குத் தெலுங்கில், ஆலைத் தொழிலாளிக்குத் தமிழில், எல்லை தாண்டி வருகிறவருக்குக் கன்னடத்தில். வாக்கியங்கள் மட்டும் அவையேதான். ஆசை காட்டக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, கேட்டால் எதையும் மறைக்கக் கூடாது. பல் தேய்க்கும்போதும் வாய் அந்த வாக்கியங்களையே முணுமுணுக்கும்.

இந்த லட்சணத்தில் நாகரசம்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். மாந்தோப்புக் குடும்பம். பஸ்ஸில் அப்பா பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"டேய், மருந்து கம்பெனியில ஆபீசர்னு சொல்லிருக்கேன். அந்த நோய்ப் பேரு வாயில வந்துச்சு, இந்த எடமும் போச்சு."

(முன்பு போன இடங்களையெல்லாம் அந்தப் பெயர்தான் விரட்டியிருந்தது.)

கேசரி முடிந்ததும், தனியாகப் பேசட்டும் என்று எங்களைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். (தனியாக என்றால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெண்ணின் தாய்மாமன்.) சாந்தி என்னை நேராகப் பார்த்தாள். மூளை லீவு போட்டது. வாய் மட்டும் டியூட்டிக்குப் போய்விட்டது.

"இதில் சேர்வது முழுக்க உங்கள் விருப்பம். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் உங்களுக்கான சிகிச்சை நிற்காது."

"எனக்கு என்னங்க நோயி?" என்றாள் சாந்தி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சம்மதம் வாங்கும்போது கேட்கிற அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "புரிஞ்சதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றேன்.

"புடிக்கலைன்னா போயிடலாம், ஏன்னு கேக்க மாட்டீங்க." உதட்டோரம் சிரிப்பு. "சரி, பக்க விளைவு ஏதாச்சும் உண்டா?"

கேட்டுவிட்டாளே! "குறட்டை. அம்மா கூடவே இருப்பாங்க. ஆராய்ச்சி முடிஞ்சா சம்பளமும் முடிஞ்சிரும். ஆராய்ச்சி எய்ட்ஸுல."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டம்ளர் விழுந்தது.

"அய்யய்யோ, மாப்பிளைக்கு எய்ட்ஸாம்!"

மாமா ஓசூர் ஆலையில் யூனியன்காரர். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. தோப்பில் மாங்காய் பறித்தவர்கள் வரை ஓடிவந்தார்கள். அப்பா சுவர்க் காலண்டரை ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார்.

"அவருக்கு இல்ல மாமா. அவரு வேலை அது" என்றாள் சாந்தி.

"ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும்!"

"தாராளமா சோதிக்கலாம்" என்றேன் நான். "ஆனா முடிவை உங்ககிட்ட சொல்ல முடியாதுங்க. ரகசியம்."

(அப்பா காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்.)

"எனக்கும் சேத்தே சோதிக்கச் சொல்லுங்க. முடிவை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்ற சாந்தி, மாமாவிடம் திரும்பினாள். "இதுவரைக்கும் வந்தவங்க நகை எவ்வளவுன்னு கேட்டாங்க. புடிக்கலைன்னா போலாம்னு சொன்னது இவரு ஒருத்தர்தான்."

மாமா குனிந்து டம்ளரைத் தேடினார்.

கல்யாணம் நடந்தது. பிறகு நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. அந்தச் சம்மத வாக்கியங்கள் மட்டும் மகளுக்குக்கூட மனப்பாடம்.

நேற்று மதியத் தூக்கத்தில் என் குறட்டை பொறுக்காமல், தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குக் கிளம்பிய சாந்தி வாசலில் நின்றாள்.

"காரணம் சொல்லாம விலகிக்கிறேன். ஆனா சிகிச்சை நிக்காதுன்னீங்கல்ல? நாலு மணி காபி அந்த ரூமுக்கு வந்துரணும்."