பத்து பாட்டில் நல்ல தண்ணி

“பாட்டில கழுவிட்டியாம்மா?” என்று கேட்டபோது பரந்தாமனின் குரல் கீச்சென்று ஒலித்தது.

“கழுவாம எப்படிண்ணா? உள்ள வெள்ளையா இன்னாவோ ஒட்டிக்கினு இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற பாட்டிலாச்சே! சோப்பு போட்டு மூணு தபா அலசி வெச்சேன்” என்றார் முனவ்வர் பேகம், பெருமையாக.

அந்த வெள்ளைப் பொடி அழுக்கல்ல, சோதனைக்காகவே போட்டிருந்த மருந்து. கழுவக்கூடாது என்று பரந்தாமனிடம் இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அவர் தெருவுக்கு அதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

வேலூரிலிருந்து வந்த தண்ணீர் ஆராய்ச்சிக் குழு, மாதனூர்ப் பக்கம் ஐந்து தெருக்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. தெருவுக்குப் பத்து வீடு. அந்த வீடுகளில் குடிக்கிற தண்ணீரைச் சோதிப்பார்கள். கிருமி அதிகமாக இருக்கிற இரண்டு தெருக்களின் தொட்டிகளுக்கு மட்டும் குளோரின் மெஷின் கிடைக்கும். பாட்டிலைக் கொடுத்து வாங்கத் தெருவுக்கு ஓர் ஆளை நியமித்து, கழுத்தில் ‘சமூகப் பங்காளர்’ என்று ஓர் அட்டையையும் மாட்டிவிட்டார்கள்.

“பங்காளின்னா சொத்துல பாகம் கேப்பியா?” என்று எதிர்வீட்டு வாஹித் பாஷா கேட்டார். அன்றிலிருந்து தெருவே பரந்தாமனைப் பங்காளி என்றுதான் கூப்பிட்டது.

பரந்தாமன் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் செக்ஷனில் இருந்தவர். ஒரு தையல் கோணினாலும் ஜோடியையே தூக்கி எறிந்தவர். அப்படிப்பட்டவர் இந்த அட்டையை ஆசையாக மாட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் அவர் மனைவி சாவித்திரிக்கு டைபாய்டு வந்து, குடலில் ஓட்டை விழுந்து, ஆபரேஷன் ஆனது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி. ‘தண்ணியாலதான் வந்திருக்கும்’ என்றார் டாக்டர். “நானும் அதே தண்ணிதான் சார் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே? இவ கண்டதையும் வாங்கித் தின்னுவா” என்று வார்டே கேட்க பரந்தாமன் சொன்னார். வயிறு முழுக்கத் தையலோடு படுத்திருந்த சாவித்திரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொன்ன அந்த நிமிஷமே அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மெஷினாவது வாங்கித் தந்துவிடலாம் என்று நினைத்தார்.

கழுவின பாட்டிலுக்குப் பதிலாக, கையிலிருந்த இரண்டு உபரி பாட்டில்களில் ஒன்றை முனவ்வர் பேகத்திடம் கொடுத்தார். வீடு வீடாகப் போய், “உள்ள இருக்கிறது மருந்து. யாரும் கழுவாதீங்க” என்று சொல்லிவிட்டும் வந்தார்.

திரும்பி வரும்போது அமிர்தவள்ளி தன் பாட்டிலைக் கவிழ்த்து, பொடியைத் தவலைக்குள் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்ற?”

“நீதானேண்ணா மருந்துன்ன? பாட்டிலுக்கா உடம்பு சரியில்ல? எங்க வீட்டுக்காரருக்குத்தான் நாலு நாளா வயிறு சரியில்ல.”

பரந்தாமன் தவலையைத் தானே தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். அமிர்தவள்ளி சண்டைக்கு வந்தாள். கடைசி உபரி பாட்டிலும் போனது. இதற்குமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று தெரு நடுவில் நின்று ஒரு போடு போட்டார்.

“இதோ பாருங்க! பாட்டில் மேல வீட்டு நம்பர் போட்டிருக்கு. யார் வீட்டுத் தண்ணி அழுக்குன்னு அங்க லேப்ல தெரிஞ்சிடும். விளையாடாம, குடிக்கிற நல்ல தண்ணியப் புடிச்சு வைங்க!”

அந்தத் தெருவில் ‘நல்ல தண்ணி’ என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயில் வருகிற குடிதண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீட்டு நம்பர் என்றதும் அர்த்தம் மாறிவிட்டது.

ஒன்பதரை மணிக்குப் பாட்டில்களை வாங்கப் போனார். எல்லாம் பளிங்காக இருந்தன.

“இது குழாய்த் தண்ணியா?”

“சே சே! கேன் தண்ணிண்ணா” என்றார் முனவ்வர் பேகம். “நாலு வீடு சேர்ந்து ஒரு கேன் வாங்கினோம். எங்க வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு. அழுக்குத் தண்ணி வீடுன்னு பேர் வந்தா யார் கேட்டு வருவாங்க?”

“எனக்கும் கேன்தான் பங்காளி” என்றார் வாஹித் பாஷா. “பரீட்சைக்குப் போற பாட்டிலு. தெரு மானம் முக்கியம்பா.”

ஒன்பது வீட்டிலும் கேன் தண்ணீர். மிச்சமிருந்தது பரந்தாமனின் பாட்டில்தான். பத்து மணிக்கு ஆராய்ச்சிக் குழுவின் கார் வந்துவிடும். அன்று குழாயில் தண்ணீர் வருகிற நாளும் இல்லை. தெருவே சுத்தம் என்று ஆராய்ச்சி சொல்லிவிடும், மெஷின் கைவிட்டுப் போய்விடும். பேஜாரான பேஜார்.

பைக்குள் ஒன்பது பாட்டில்களையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். சாவித்திரி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் மூடிவைத்த எவர்சில்வர் குடம் இருந்தது. இந்தத் தண்ணீர்தானே அவளை ஆபரேஷன் மேஜை வரைக்கும் கொண்டுபோனது? மருந்தும் சேர்ந்து போகும் என்று தெரிந்தும் கேன் தண்ணீரைக் கொட்டினார். பத்து பாட்டில்களிலும் அந்தக் குடத்துத் தண்ணீரையே நிரப்பினார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோணல் ஜோடியைக்கூடப் பாஸ் செய்யாதவர் அவர். அவருக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் மூடிகளைத் திருகினார்.

காரில் வந்த ஆராய்ச்சியாளர் கவிப்ரியா பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டு, படிவத்தை எடுத்தாள்.

“சார், உங்க வீட்டுல தண்ணியக் காய்ச்சிக் குடிப்பீங்களா?”

“காய்ச்சறதா? அப்படியே மொண்டு குடிக்கிற உடம்பும்மா இது. எழுதிக்கோ. ஒரு சளி, ஒரு வயித்துவலி கிடையாது.”

கடையிலிருந்து திரும்பிய சாவித்திரி அதைக் கேட்டுக்கொண்டே, வேகமாகச் சமையலறைக்குள் போனாள்.

“வர்ற வழியில சிலிண்டருக்குச் சொன்னியா?” என்று பரந்தாமன் உள்ளே குரல் கொடுத்தார். “ரெண்டு பேருக்குச் சமைக்கிற வீட்ல இருபது நாள்ல தீர்ந்துபோவுது. இன்னாதான் பண்றியோ!”

“இட்லி அவிக்கிறேன் இல்ல” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கவிப்ரியா சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தாள்.

“அஞ்சு தெருவுல உங்க தெருதான் முதலிடம். பத்து பாட்டில்லயும் கிருமியே இல்ல. அதுவும் பரந்தாமன் சார் காய்ச்சாமலே குடிக்கிறவர். அவர் வீட்டுத் தண்ணியும் சுத்தம்னா, உங்க தொட்டியில குறையே இல்லன்னுதான் அர்த்தம். மெஷின் வேற ரெண்டு தெருவுக்கு ஒதுக்கியாச்சு.”

தெருவே கைதட்டியது. வாஹித் பாஷா விசில் அடித்தார். அமிர்தவள்ளியின் புருஷனும், இன்னும் பிடித்துக்கொண்டிருந்த வயிற்றை விட்டுவிட்டுத் தட்டினார். பரந்தாமனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

“இன்னொரு தடவை எடுத்துப் பாக்க முடியாதாம்மா?” என்று கவிப்ரியாவிடம் தனியாகக் கேட்டார்.

“எதுக்கு சார்? இதைவிட நல்ல ரிசல்ட் வராது.”

பாட்டில் கதையைச் சொல்ல வாய் திறந்தார். கழுத்தில் அட்டையும் தோளில் சால்வையும் இருந்தன. வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சாவித்திரி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். கேன் தண்ணீரைக் கொட்டியது, குடத்துத் தண்ணீரை நிரப்பியது, மெஷின் போனது எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததும் வந்தது.

“அன்னிக்கு வார்டுல உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சாவித்திரி. தப்பு என்னுதுதான். உன்னக் கெடுத்த அதே தண்ணிதான் இந்தக் குடத்துல இருக்கு. அதை எடுத்துக் காட்டி, அந்த மெஷினை உனக்கு வாங்கித் தரணும்னுதான் இவ்ளோவும் பண்ணேன். அந்தத் தண்ணில எப்படிடி கிருமி இல்லாம போவும்?”

சாவித்திரி அவரையும் அவர் கையிலிருந்த சொம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிலருந்து வந்த நாளா, நீங்க டீக்கடைக்குப் போற நேரத்துல காய்ச்சி ஆற வெச்ச தண்ணிதாங்க அந்தக் குடத்துல ஊத்தறேன், சொன்னா குடிக்க மாட்டீங்களேன்னுதான் சொல்லல.”