சாவடிச் சுவரை நான் கழுவிய கதை

மகளுக்கு உதவி செய்யக் கிளம்பும் அப்பாவை வீட்டில் யாராவது பிடித்து உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அதனால்தான் எங்கள் வகையறாவின் பூர்வீகம் சாக்கடைக்குள் போனது.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு பழைய சாவடி இருந்தது. கல்தூண், மரக்கூரை, திருவிழாவுக்குத் திருவிழா வெள்ளையடித்துத் தடித்துப்போன சுவர். அதை இடித்துவிட்டுப் பந்திக்கூடத்தோடு மண்டபம் கட்டுவதென்று பங்காளிகள் முடிவு செய்தபோது நானும் கை தூக்கினேன். (எல்லோரும் தூக்கினால் நானும் தூக்கிவிடுவேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து வந்த பழக்கம்.)

என் மகள் செல்வி மதுரையில் வரலாறு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் படி என்று நான் கெஞ்சியதைக் காதில் வாங்காமல் படித்தாள். லீவுக்கு வந்தவள், சாவடிச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிவதைப் பார்த்தாள். அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்து, சின்னக் கத்தியாலும் பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் சுரண்டினாள். நான்கு மாதத்தில் ஒரு குதிரையின் முன்னங்காலும், தண்டை போட்ட ஒரு பெண்ணின் பாதமும் வெளியே வந்தன. நம் ஆட்கள் மலை தாண்டி இந்தப் பக்கம் வந்த கதையாக இருக்கலாம் என்றாள். பங்காளிகள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள். கடைசியில் அவர்களும் இறங்கி வந்தார்கள். தொல்லியல் துறை அதிகாரி வந்து பார்க்கட்டும், காப்பாற்ற வேண்டிய ஓவியம் என்று அவர் சொன்னால் இடிப்பதில்லை.

அதிகாரி திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலையில் சாவடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். மதுரையிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து, ஒரு குதிரைக்காலையும் ஒரு பெண்காலையுமா காட்டுவது? இதற்கா கூப்பிட்டாய் என்று அவர் கேட்டால்? பங்காளிகள் சிரித்தால்? அப்புறம் யார் பெண் கேட்டு வருவார்கள்? (என் கவலை எங்கே புறப்பட்டாலும் இந்த ஸ்டாப்பில்தான் வந்து நிற்கும்.)

செல்வி போட்டோ பிரிண்ட் போடக் கம்பம் போயிருந்தாள். போகும்போது, "செவுத்த மட்டும் தொட்டுறாதீகப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தொடவில்லையே, தண்ணீர்தானே தொடப்போகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மிச்சச் சுண்ணாம்பையும் கழுவித் தள்ள மச்சினன் பாண்டியைக் கூப்பிட்டேன். அவனுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரோடு வந்தான். டிராக்டரில் ஒட்டிய சேறே இதில் பறக்கும், சுண்ணாம்பு எந்த மூலைக்கு என்றான்.

போன் நனைந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் பையில் சுற்றி அவன் வண்டிக்குள் பத்திரமாக வைத்தேன். (எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்று அவ்வளவு தெளிவு.)

சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. சுவர் முழுக்கப் படம். மலை, மாட்டு வண்டிகள், முழுக் குதிரை. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெண். இடுப்பை ஒசித்து நடந்தபடியே, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"மச்சான், நம்ம செல்வி சாயலாவுல்ல இருக்கு" என்றான் பாண்டி.

பூரிப்பில் தலையாட்டினேன். அதற்குள் குதிரை நீலமாகிவிட்டது. ஸ்பிரேயர் டேங்கின் அடியில் மிச்சம் கிடந்த மயில்துத்தம், கொடிக்கு அடிக்கும் நீல மருந்து. நீலத்தோடு சிவப்பும் சேர்ந்து வழிந்தது. நிறுத்தச் சொன்னேன். மெஷின் நின்றது, சுவர் நிற்கவில்லை. ஊறிய பூச்சு தானாகவே சரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பெண்ணை அழுத்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கையை எடுத்தபோது அவள் சுவரில் இல்லை. என் கைதான் சிவப்பாக இருந்தது.

செல்வி வந்தாள். சுவரைப் பார்த்தாள், தரையில் ஓடிய சேற்றைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"எடமிருந்து வலமாச் சொல்லுங்கப்பா. பாத்தத மட்டும் சொல்லுங்க."

மலையைச் சொன்னேன், வண்டிகளைச் சொன்னேன், இடுப்பை ஒசித்து நடந்த அந்தப் பெண்ணைச் சொன்னேன்.

"இடுப்புல என்ன வச்சிருந்தா?"

"பிள்ள" என்றேன்.

"கொடம்" என்றான் பாண்டி.

"பிள்ளடா மாப்ள. தல தெரிஞ்சுச்சு."

"அது கொடத்து வாயி மச்சான்."

செல்வி இரண்டையும் எழுதிக்கொண்டாள். ஒரு சொட்டு விழுந்து எழுத்துக் கலைந்த இடத்தில் மறுபடியும் எழுதினாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஈரச் சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நாங்கதான் சார்" என்றாள் செல்வி. அந்த 'நாங்க' இன்னும் எனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது அங்கே மண்டபம் இருக்கிறது. அந்தச் சுவர் நின்ற இடத்தில் கைகழுவும் குழாய்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் கை கழுவக் குனியும்போது யாராவது, "என்னண்ணே, பிள்ளையா கொடமா?" என்பார்கள். வரிசையே சிரிக்கும். பொடிசுகள்கூடக் கேட்கின்றன. நானும் சிரித்துவைப்பேன். செல்வியின் ஆய்வேட்டில் எங்கள் வகையறாவின் சாவடிக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்புதான். ஓவியத்தை முழுமையாகப் பார்த்தவர்கள் இருவர், அவர்கள் சொல்வது ஒத்துப்போகவில்லை என்று முடிகிறது.

போன மாதம் ஒரு காதுகுத்தில், எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகு, செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமாவே பிள்ளதானப்பா?"

"பிள்ளதான்த்தா" என்றேன்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் சில சமயம் குடமும் வருகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.