நெல் என்பது நெல்லே அல்ல

கோமேடு என்றொரு நாடு. அதை நிறுவிய அரசி விட்டுச் சென்ற மறைநூலே அங்கு சட்டம். அதற்கு உரை சொல்ல இரண்டு மடங்கள் இருந்தன. நூலின் ஒவ்வொரு சொல்லும் பின்னால் வரப்போகும் ஒன்றின் நிழல் என்பார்கள் நிழல் மடத்தார். எழுத்து மடத்தாரோ ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மழைக்காலம் முழுக்க வாதாடுவார்கள். தோற்ற கட்சியின் கருத்தையும் மறக்காமல் பதிந்துவைப்பார்கள். அப்படி வாதாடுவதில் எழுத்து மடத்துக் கீரந்தையாருக்கு அலாதி சுகம்.

ஒரு கோடையில் அரசர் ஊர்க்கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பி, அதைத் தம் நந்தவனத்தோடு சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். ‘ஊர்க்கிணற்றை எவரும் அடைக்கலாகாது’ என்று நூலில் தெளிவாகவே இருந்தது.

நிழல் மடத் தலைவர் சபையில் எழுந்தார். “நூல் சொல்லும் கிணறு, கிணறே அல்ல. நம் மன்னரின் வற்றாத கருணையைத்தான் அரசி அன்றே முன்னறிவித்தார். கருணையை யாரால் அடைக்க முடியும்? ஆகவே சட்டம் மீறப்படவில்லை.”

எழுத்து மடம் இதை ஏற்கவில்லை. ‘எவரும்’ என்பதில் அரசர் அடங்குவாரா என்று வாதத்தைத் தொடங்கியது. அடங்குவார் என்று கீரந்தையார் வெளுத்துவாங்கினார். அடங்கார் என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் பதிவாயின. மதில் உயர்ந்தது.

கிணறு அடைபட்டதால் குளத்துத் தண்ணீரைக் குடித்த கீரந்தையாரின் மகள் காய்ச்சலில் படுத்தாள்.

“எவரும்னா யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?” என்று கேட்டாள் மனைவி பெருங்கண்ணி.

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு...”

“புள்ளைக்குத் தொண்டை ஒண்ணுதான் இருக்கு.”

அன்று அவர் வாதாட மடத்துக்குப் போகவில்லை.

மகள் தேறி எழுந்து நடமாடுவதற்குள் அறுவடை வந்துவிட்டது. ‘குடிகள் அரசருக்கு நெல் அளக்க வேண்டும்’ என்பதும் நூல்வாக்குதான். கீரந்தையார் வெறும் மரக்காலோடு அரண்மனை வாசலில் போய் நின்றார். பின்னால் ஊரே நின்றது.

“நெல் எங்கே?” என்றார் அமைச்சர்.

“நூல் சொல்லும் நெல், நெல்லே அல்ல. குடிகளின் அன்பு. குவித்து அளந்து வந்திருக்கிறோம்.”

ஊர் சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. மாலைக்குள் ஆணை பிறந்தது: இனி கிணறு, நீதி, வாக்குறுதி பற்றிய பகுதிகளுக்கு உட்பொருள் மட்டுமே உண்டு, நெல், வரி, தண்டனை பற்றிய பகுதிகளுக்கு நேர்ப்பொருள் மட்டுமே உண்டு.

தலைமுறை தலைமுறையாக ஒத்துப்போகாத இரு மடங்களும் அதை ஒரே குரலில் ஏற்றன. கீரந்தையார் ஒருவர் மட்டும் மறுத்துக் கை தூக்கினார்.

“இப்படிப்பட்டவர்கள் விஷயத்தில் உங்கள் மடத்து மரபு என்ன?” என்று அரசர் கனிவோடு கேட்டார்.

எழுத்து மடத் தலைவர் குனிந்து வணங்கினார். “சிறுபான்மைக் கருத்தைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும், அரசே.”

“அப்படியே ஆகட்டும்.”

அன்றிலிருந்து கீரந்தையார் பத்திரமாகப் பாதுகாக்கப்படுகிறார். வாசலில் இரண்டு காவலர்கள். சாவி அரசரின் இடுப்பில்.