ஸ்டிக்கர் அண்ணனும் என் பெரிய குக்கரும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஏன் என் பக்கத்து வீட்டில் வந்து குடியேறினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நல்லூரில் எங்கள் காம்பவுண்டு முழுக்க அவருக்குப் பெயர் ஸ்டிக்கர் அண்ணன். பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக் காட்டுவதுதான் வேலை. அதைக் கம்பெனியோடு விட்டாரா? சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரோல் இருக்கும். என் ஸ்கூட்டரின் நசுங்கலுக்கு ஒரு அம்பு. சுவர் விரிசலுக்கு ஒரு அம்பு. ஒருநாள் ஆசையாகத் தோசை கொடுத்தனுப்பினேன். தட்டு அம்போடு திரும்பி வந்தது. "ஓரம் கொஞ்சம் வேகலீங் அம்முணி!" அதையும் தோசையை முழுசாகத் தின்று முடித்த பிறகுதான் கண்டுபிடித்தார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் காளான் ஆசை வந்தது. காரணம் அவர் மனைவி மல்லிகா அக்கா. கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து தைத்துத் தைத்து அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. "நம்ம வித்து நல்லா வந்துட்டா நீ கம்பெனிக்கே போவேண்டாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் அண்ணன். வைக்கோலில் தூவிக் காளான் வளர்க்கும் அந்த வித்தை எங்காவது விலைக்கு வாங்கித் தொலைத்திருக்கலாம். "அடுத்தவன் பீஸை நம்பப்படாதுங்க" என்று தானே தயாரிக்கக் கிளம்பினார். கிளம்பி நேராக என் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்முணி, உங்க பெரிய குக்கர் வேணுமுங்க."

சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, சுண்ணாம்புத் தூள் கலந்து, கவரில் நிரப்பி, வாயைப் பஞ்சால் அடைத்து, கிருமி ஒழிய மறுபடி குக்கரில் அவிக்க வேண்டும். ஆறியதும் தாய் வித்தைப் போட்டு மூடி வைத்தால் சோளத்தின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும்; அதுதான் வித்து. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் குக்கரில் அல்லவா நடந்தது! ஞாயிற்றுக்கிழமை நான் கறியைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுத்த வீட்டில் என் குக்கர் சோளத்துக்கு விசில் அடித்துக்கொண்டிருக்கும்.

வித்துப் போடும் நாள் இன்னும் கொடுமை. காற்றில் கிருமி வருமாம், சித்திரை வெயிலில் காம்பவுண்டு முழுக்க ஃபேனை நிறுத்தச் சொன்னார். புளிக்கிற என் இட்லி மாவுக்கும் தடை. என் மாமனார் தும்மியதற்கு ஜன்னல் வழியாக ஒரு சத்தம்: "சாமி, கொஞ்சம் அடக்குங்க!" தும்மலை எப்படி ஐயா அடக்குவது?

இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தும் வந்தது பச்சைப் பூஞ்சணம். வித்து வீண். அதிலும் மனுஷனுக்கு ஒரு பெருமை! பச்சைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் அம்பு ஒட்டி, "பாத்தீங்களா, புடிச்சுட்டனுங்க" என்று காட்டினார். மறுபடி சோளம், மறுபடி குக்கர், மறுபடி பச்சை. மல்லிகா அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் கம்பெனி வண்டிக்கு நடப்பார்.

ஒரு தடவை தன் அலமாரியில் இடமில்லை என்று வித்துப் போட்ட கவர் ஒன்றை என் பரண்மேல் வைத்துவிட்டு மறந்தே போனார். அரிசி டின் எடுக்க ஏறியபோது பார்க்கிறேன், கவர் முழுக்கப் பால் வெள்ளை! அவர் வீட்டுக் கவர்களுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதை யாரும் திறக்கவில்லை. அங்கே அண்ணன் காலையும் மாலையும் பஞ்சைப் பிடுங்கி, டார்ச் அடித்து, மோந்து பார்த்து, மறுபடி மூடுவார். எங்கள் ஜன்னலுக்கு நேராகத்தான் இந்தச் செக்கிங் நடக்கும். கிருமிக்கு என் இட்லி மாவு எதற்கு, அவர் மூக்கே போதாதா?

"ஏனுங்ண்ணா, தொறக்காமயே இருக்க மாட்டீங்களா?"

"தொறக்காம எப்படிங்க பாஸ் பண்றது?"

அடுத்த முறை கவர்கள் அத்தனையையும் பிடுங்கி என் பரணில் ஏற்றினேன். அதற்கப்புறம் நான் பட்ட பாடு! காலையில் சர்க்கரை கேட்டு வருவார். மாலையில் அதே சர்க்கரையைத் திருப்பித் தர வருவார். கண் மட்டும் பரண்மேலேயே இருக்கும்.

"ஒரே ஒரு கவருங்க. வாசம் மட்டும் பாத்துட்டு..."

"படி தாண்டுனீங்கன்னா குக்கர் இனிமேல் கெடையாதுங்க!"

மல்லிகா அக்கா ஒரே ஒருநாள் வந்தார். பரணை நிமிர்ந்து பார்த்து, "வெளுத்திருக்குதா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெளுக்குதுங்கக்கா" என்றேன்.

அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

இறக்கிய அன்று அண்ணன் ஒவ்வொரு கவரையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் ரோல் தயாராக இருந்தது. ஆனால் ஒட்ட ஓர் இடம்கூட இல்லை. ரோலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாஸுங்க" என்றார். மல்லிகா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது சாமளாபுரத்தில் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கிறார்கள். அக்கா கம்பெனிக்குப் போவதில்லை. வீடு காலி செய்த அன்று குக்கரைத் திருப்பித் தர வந்த அண்ணன், அதை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்து, கைப்பிடியில் ஒரு அம்பை ஒட்டினார். "கேஸ்கட் தளந்திருக்குதுங் அம்முணி."

தளராமல் என்ன செய்யும்? ஊர்ச் சோளத்தையெல்லாம் அவித்தது யார் என்று வாசல்வரை கத்திக்கொண்டே போனேன். கேஸ்கட்டை அன்றே மாற்றிவிட்டேன். அம்பு மட்டும் அங்கேயே இருக்கிறது. குக்கர் தேய்க்கும்போது, நார் அதன்மேல் படாமல் சுற்றித்தான் தேய்க்கிறேன்.